பனிக்கரடி தூரத்தில்தான் நிற்கும், அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

கேள்வி: போன வருடம்தான் முதன்முதலாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார், கூடவே வந்த கிட் லென்ஸ், அப்புறம் ஒரு 55-200 மி.மீ. ஜூம் லென்ஸ். ஓஸ்லோவில் இருக்கும் அக்காவும் அத்தானும் வரும் ஜூலையில் ஆர்க்டிக்கில் இருக்கும் நார்வேயின் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்குப் போய்க் கப்பலில் சுற்றப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். பனிக்கரடியைப் படம் எடுக்க வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே ஆசை. ஆனால் என் தம்பி, "600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் போனால் காசு தண்டம், நன்றாகக் கற்றுக்கொண்டு ரெண்டு மூணு வருஷம் கழித்துப் போ" என்கிறான். போகலாமா, காத்திருக்கலாமா?
வாசகி, தாம்பரம்

பதில்: போய் வாருங்கள். லென்ஸ் நீளமாக இருந்தால் நல்லதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கரடியின் முகம் மட்டும் படத்தை நிறைத்துக்கொண்டு, மூக்கில் ஒட்டிய பனித்துகள் வரை தெரிகிற படத்தை மனதில் வைத்துத்தான் தம்பி பேசுகிறார் என்று தோன்றுகிறது. அந்தப் படம் இன்றைய ஸ்வால்பார்டில் எந்த லென்ஸைக் கொண்டுபோனாலும் கிடைப்பது அரிது.

காரணம், 2025 ஜனவரி 1 முதல் அங்கே விதி மாறிவிட்டது. மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை கரடியிடமிருந்து குறைந்தது 500 மீட்டர், மற்ற மாதங்களில் 300 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். கரடி தானாக நெருங்கி வந்தாலும் விலகிப் போக வேண்டியது நாம்தான். நீங்கள் போவது ஜூலை, அதனால் 300. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை மீட்டர் நீளமுள்ள பெரிய ஆண் கரடி ஒன்று 300 மீட்டரில் பக்கவாட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் கேமராவில் 200 மி.மீ.யில் அது படத்தின் அகலத்தில் பதினான்கில் ஒரு பங்கு. 400 மி.மீ.யில் ஏழில் ஒரு பங்கு. தம்பி சொல்கிற 600 போட்டாலும் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த வித்தியாசத்துக்காக ஒரு பெருந்தொகையைப் போட்டு, இரண்டு கிலோ கனத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பழகாத லென்ஸோடு போய் நிற்பதைவிட, ஒரு 100-400 லென்ஸை வாடகைக்கு எடுங்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்று எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 55-200-ஐயும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அதற்கும் வேலை இருக்கிறது.

இந்தத் தூரத்தைப் பற்றி நிறையப் படக்காரர்கள் குறைப்படுகிறார்கள். எனக்கு அந்தக் குறை கொஞ்சமும் இல்லை. பனிக்கரடியின் உணவு பெரும்பாலும் சீல். அதைப் பிடிக்கக் கடல்பனி வேண்டும். பனி உருகி விலகிவிட்டால் சேர்த்துவைத்த கொழுப்பை வைத்துத்தான் அது நாளை ஓட்டுகிறது. தடித்த கொழுப்பும் ரோமமும் போர்த்திய உடம்பு, கொஞ்சம் ஓடினாலே சூடேறிவிடும். அப்படிப்பட்ட விலங்கை, அதுவும் குட்டியோடு இருக்கும் தாயை, இரவே வராத கோடையில் ஒரு படகு போய் இன்னொரு படகு வந்து நாள் முழுக்க எழுப்பிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? 2018 ஜூலையில் ஸ்வால்பார்டின் வடகோடியில், பயணிகளை இறக்குவதற்கு முன் கரையைப் பார்வையிடப் போன கப்பல் காவலர் ஒருவரைக் கரடி தாக்கியது, அங்கேயே அதைச் சுட்டுக் கொன்றார்கள். கரடி இருந்தது அதன் இடத்தில், போனது நாம். அதனால் கப்பலில் யாராவது "இன்னும் கொஞ்சம் கிட்டப் போகச் சொல்லுங்க" என்று வழிகாட்டியிடம் நச்சரித்தால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள், இதை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

நெருக்கமான படம்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றால் அதற்கான இடம் கனடாவின் சர்ச்சில். ஹட்சன் விரிகுடாக் கரையில் ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், சாலை கிடையாது, ரயிலில் அல்லது விமானத்தில்தான் போக முடியும். அக்டோபர், நவம்பரில் கடல் உறைவதற்காகக் கரடிகள் கரையில் காத்திருக்கும். உயரமான டயர் வைத்த வண்டிகளில் பயணிகள் உட்கார்ந்திருக்க, கரடிகளே வண்டிவரை வந்து மோந்து பார்ப்பதும் உண்டு. அங்கேயும் நிலைமை கவலைப்பட வைக்கிறது. மேற்கு ஹட்சன் விரிகுடாக் கரடிகள் 2016-இல் 842 என்று மதிப்பிட்டார்கள், 2021-இல் 618. ஆனால் சர்ச்சிலில் பெரும்பாலும் பார்ப்பது கரையில், புதர்களுக்கு நடுவே காத்திருக்கும் கரடியை. மிதக்கும் பனியில் நடக்கிற கரடியைப் பார்க்க ஸ்வால்பார்டுதான், உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பும் அங்கேயிருந்துதான்.

அக்காவிடம் உடனே கேட்க வேண்டியது ஒன்று: அவர்கள் போவது ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யியர்பியனிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் படகிலா, ஒரு வாரம், பத்து நாள் சுற்றும் கப்பலிலா? ஒருநாள் படகில் பனியாறும் பறவைகளும் நிச்சயம் கிடைக்கும், கரடிக்கு வாய்ப்பு குறைவு. 3,000 கரடிகள் என்று விளம்பரங்களில் போடுவது ரஷ்யப் பக்கத்தையும் சேர்த்த பேரண்ட்ஸ் கடல் முழுமைக்குமான மதிப்பீடு. வருடம் முழுக்க ஸ்வால்பார்டிலேயே தங்குபவை ஏறத்தாழ 300 தான், அவையும் வடக்கிலும் கிழக்கிலும்தான் அதிகம். அதனால் வடக்கே பனி விளிம்புவரை போகிற, பயணிகள் குறைவாக உள்ள கப்பலாக இருக்கட்டும். ஆள் குறைந்தால்தான் மேல்தளக் கைப்பிடியோரம் நிற்க இடம் கிடைக்கும்.

சரி, கரடி சின்னதாகத்தான் தெரியும் என்றால் என்ன படம் எடுப்பது? அது இருக்கும் இடத்தை எடுங்கள். பனிக்கரடி உண்மையில் சுத்த வெள்ளை இல்லை, பழுப்பு கலந்த பாலேட்டு நிறம். வெள்ளைப் பனிமேட்டுக்கு முன்னால் நின்றால் மங்கிப்போகும், நீலம் பாய்ந்த பழைய பனிக்கோ கருத்த கடல்நீருக்கோ முன்னால் வந்தால் பளிச்சென்று பிரியும். அது நடக்கிற திசையைப் பார்த்து, அடுத்து எந்த இடத்தில் அப்படிப் பிரியும் என்று யோசித்துக் காத்திருங்கள். தலை நிமிர்ந்திருக்க வேண்டும், கால்கள் ஒன்றையொன்று மறைக்காமல் இருக்க வேண்டும், அது நடக்கிற பக்கம் படத்தில் வெளி அதிகம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் ஏழில் ஒரு பங்குக் கரடி போதும், பின்னால் பனியாறும் மலையும் சேர்ந்தால் 55-200-இலேயே கடுகளவு கரடியோடு ஒரு படம் அமையும். என்னைக் கேட்டால் முகம் நிறைந்த படத்தைவிட இந்த மாதிரிப் படங்கள்தான் அந்த விலங்கைப் பற்றி அதிகம் சொல்கின்றன, ஏனென்றால் அதன் காலடியில் இருக்கும் பனி எவ்வளவு என்பதும் அதில் தெரியும்.

அடுத்தது வெளிச்சக் கணக்கு. புதிதாகப் போகிறவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். எதிரே முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது கேமரா தானாக எடுக்கும் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, +1 வரை, சில சமயம் +1.5 வரை கூட்ட வேண்டும். கூட்டிவிட்டு வெள்ளை வெளிறிப்போகிறதா என்று ஹிஸ்டோகிராமில், அதாவது படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தில், பார்க்க வேண்டும். பின்னால் கருத்த கடல்நீர் வந்துவிட்டால் அந்தக் கூட்டலைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கரடியின் ரோமம் எல்லாம் வெள்ளைப் பட்டையாகிவிடும். இதைப் பழக ஆர்க்டிக் வேண்டாம். ஈசிஆரில் மரக்காணம் போங்கள். வெயில் ஏறிய நேரத்தில் உப்பளத்தில் குவித்துவைத்த உப்பை எடுத்துப் பாருங்கள், பனியில் வரும் அதே சிக்கல் அப்படியே வரும். பக்கத்து நீரில் நிற்கிற கொக்கை எடுங்கள், கருத்த கடல்நீருக்கு முன்னால் நிற்கிற கரடியின் சிக்கல் அது. கூட்டவும் குறைக்கவும் கட்டைவிரல் தானாகப் போகிற அளவுக்குப் பழகிக்கொண்டு வாருங்கள். ஆடுகிற படகிலிருந்து எடுத்துப் பழகப் பழவேற்காடு இருக்கிறது. வாடகை லென்ஸையும் கிளம்பும் நாளுக்கு முன்னாலேயே ஒரு வார இறுதிக்கு எடுத்து இந்த இரண்டு இடத்திலும் போட்டுப் பார்த்துவிடுங்கள். தம்பி சொல்கிற "கற்றுக்கொண்டு போ" என்பதில் எனக்கு முழுச் சம்மதம், ஆனால் அதற்கு மூன்று வருடம் வேண்டாம், ஜூலைக்குள் முடிகிற காரியம்தான்.

கப்பலில் ட்ரைபாட் பயன்படாது, எஞ்சின் அதிர்வு அப்படியே ஏறும். லென்ஸைக் கம்பியில் சாய்க்காமல் முழங்கைகளை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறைய வேண்டாம், சென்சாரின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டுவிடுங்கள். கேமரா மெருகேற்றாத மூலப் பதிவான ரா கோப்பாகவே எடுங்கள். படம் காரணமே இல்லாமல் மங்கலாக வந்தால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள்: கப்பலின் புகைபோக்கியிலிருந்தோ திறந்த கதவிலிருந்தோ வருகிற சூடான காற்று லென்ஸுக்கு முன்னால் அலையடிக்கிறதா என்று பார்த்து இடம் மாறி நில்லுங்கள். அறைக்குள் நின்று ஜன்னல் வழியாக எடுத்தாலும் இதே கதிதான்.

ஜூலையில் சூரியன் மறையவே மறையாது. நடுப்பகலில் 30 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும், நள்ளிரவில் 10 டிகிரியை ஒட்டித் தாழ்ந்துவரும், அந்த நேரத்து ஒளிதான் மென்மையாக, நீண்ட நிழலோடு இருக்கும். அதனால் மதியம் தூங்கிக்கொள்ளுங்கள், ராத்திரி மேல்தளத்துக்குப் போங்கள். கரடி தெரிகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு நள்ளிரவு இரண்டு மணிக்கும் வரும், அப்போது பேட்டரி தேடக் கூடாது. பேட்டரிகள் சட்டை உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். வெளியிலிருந்து அறைக்குள் வருவதற்கு முன் கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிடுங்கள், அது அறையின் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் கண்ணாடிமேல் படியும், உள்ளேயும் இறங்கும். மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றி எடுத்துக்கொண்டால் காத்திருக்கும் நேரத்தில் படம் பார்க்கலாம். ரப்பர் படகில் லென்ஸ் மாற்றவே வேண்டாம், உப்புத் தண்ணீர் தெறிக்கும். ட்ரோனை அத்தான் வைத்திருந்தால் வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு நல்ல பைனாகுலர், கேமராவுக்கு அடுத்தபடி அதுதான் முக்கியம். முதலில் கரடி ஒரு மஞ்சள் புள்ளியாகத்தான் கண்ணில் படும்.

இதையெல்லாம்விட அவசரமானது விசா. ஸ்வால்பார்டுக்கென்று தனி விசா கிடையாது, ஆனால் ஓஸ்லோ வழியாகப் போவதால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா கட்டாயம். ஸ்வால்பார்டு ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது, அதனால் அங்கே போனதும் நீங்கள் வெளியேறியதாகக் கணக்கு, திரும்பும்போது மறுபடி நுழைய வேண்டும். ஒற்றை நுழைவு விசா வாங்கிவிட்டால் திரும்பும் வழியில் சிக்கிக்கொள்வீர்கள். விண்ணப்பத்திலேயே இரட்டை நுழைவு அல்லது பல நுழைவு என்று கேளுங்கள், அக்கா எழுதும் அழைப்புக் கடிதத்தில் ஸ்வால்பார்டு பயணத் தேதிகளும் இருக்கட்டும், கப்பல் முன்பதிவின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். கோடை நெருங்க நெருங்க விண்ணப்ப மையத்தில் தேதி கிடைப்பது கஷ்டம், லென்ஸைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் அதைப் பதிவு செய்துவிடுங்கள்.