அவர் அழுவதில்லை

வணக்கம் சார்,

போன வருடம் எனக்கு மனச்சோர்வு வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது, காரணமே இல்லாமல் அழுவேன். என் கணவர் அழுவதில்லை. நாலைந்து மாதமாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், ராத்திரி இரண்டு மணி வரை போனும் கையுமாக இருக்கிறார். கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார். ஆண்களுக்கு இப்படித்தான் வருமா, இல்லை இது வெறும் குணமா?

எம்.

அன்புள்ள எம்.,

குணம் என்றால் கல்யாணமான நாளிலிருந்தே இருந்திருக்கும். நாலைந்து மாதம் என்று உங்களால் சொல்ல முடிகிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

மனச்சோர்வு என்று கண்டறியப்படுவதில் பெண்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சின்ன வயதில் இந்த வித்தியாசம் கிடையாது, பருவமடையும் வயதில்தான் தொடங்குகிறது. ஹார்மோன், பிரசவம், தலையில் விழும் பொறுப்புகள் எல்லாம் காரணம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தற்கொலையில் இறப்பவர்களில் உலக அளவில் ஆண்கள் சுமார் இரண்டு மடங்கு. அப்போ கணக்கு எங்கேயோ இடிக்கிறது இல்லையா?

1980களில் ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் பொது மருத்துவர்களுக்கு மனச்சோர்வை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்தார்கள். பெண்களின் தற்கொலை குறைந்தது, ஆண்களுடையது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பெரும்பாலான ஆண்கள் டாக்டரிடம் வரவே இல்லை, வந்தவர்களும் அழவில்லை. அதற்குப் பிறகுதான் எரிச்சல், குடி, தாங்க முடியாத அலுப்பு இதையெல்லாம் கேட்கும் தனிக் கேள்வித்தாள் ஒன்றை அங்கே உருவாக்கினார்கள். 2013இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்விலும் கோபத்தையும் போதையையும் அறிகுறிகளோடு சேர்த்து எண்ணியதும் ஆண் பெண் இடைவெளி கிட்டத்தட்ட காணாமல் போனது. (அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் மட்டும் சோகத்துக்குப் பதில் எரிச்சல் இருந்தாலும் போதும் என்கிறது. பதினெட்டு வயது ஆனதும் எரிச்சல் அறிகுறியாக இல்லாமல் வெறும் சுபாவமாக மாறிவிடும் போல!) அதற்காகக் கோபப்படுகிறவன் எல்லாம் மனச்சோர்வுக்காரன் என்று நான் சொல்ல மாட்டேன், சிலர் கோபக்காரர்கள், அவ்வளவுதான்.

என் கதையும் இதேதான். ஒரு முறை குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்பானரோடு உட்கார்ந்து, அது சரியாகவில்லை என்று ஸ்பானரைச் சுவரில் எறிந்தேன். டைல் உடைந்தது. அப்போது யாராவது "சோகமா இருக்கா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்று சத்தியம் பண்ணியிருப்பேன். முதுகுவலிக்குப் போன இடத்தில் டாக்டர் "தூக்கம் எப்படி?" என்றார். அரை மணி நேரம் பேசினேன்.

அதனால் அவரிடம் சோகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். தூக்கத்தைக் கேளுங்கள், முன்பு ஆசையாகச் செய்த எதை இப்போது விட்டுவிட்டார் என்று பாருங்கள். பொது மருத்துவரிடம் போனாலே போதும், தைராய்டு மாதிரி வேறு ஏதாவது இருந்தாலும் அங்கே தெரிந்துவிடும், கூட நீங்களும் போங்கள். "நான் இல்லாமலிருந்தால் நல்லது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

அப்புறம், நீங்களே போன வருடம்தான் மீண்டு வந்திருக்கிறீர்கள். அவருக்கு நோய் என்றே வைத்துக்கொண்டாலும் கத்தலை எல்லாம் நீங்கள் நின்று வாங்க வேண்டியதில்லை, அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். கை நீட்டினார் என்றால் வீட்டை விட்டே வெளியேறுங்கள், சிகிச்சையைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.