கேட்டீர்கள், சொல்கிறோம்: காயலில் தூண்டில்

மணப்பாடு கழியில் உயிர் இறால் போட்டுக் கொடுவாவுக்கு உட்காருகிறேன். இரை சீக்கிரம் செத்துவிடுகிறது. மீன் மாட்டினாலும் தங்கூசி (நைலான் நரம்பு) அறுந்துபோகிறது. ஏன்?
– வாசகர், திசையன்விளை

இறாலின் தலைக்குள் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். முள் அதில் பட்டால் அப்போதே செத்துவிடும். கொம்புக்கு அடியில், அந்தப் புள்ளிக்கு முன்னால் குறுக்காகக் குத்துங்கள். கை பழகும்வரை வாலின் கடைசிக் கணுவில் குத்தினாலும் போதும்.

தங்கூசியை அறுப்பது பல் இல்லை, செவுள் மூடி. அதன் விளிம்பு நல்ல கூர். மீன் துள்ளித் தலையை உதறும்போது நரம்பு அதில் உரசும். ரீலில் 20 பவுண்டு தாங்கும் பின்னல் நூல் இருந்தாலும் முனையில் 40 பவுண்டு தாங்கும் தங்கூசி ஒரு மீட்டராவது கட்டுங்கள். முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்குங்கள்; உலர இறுக்கினால் உராய்ந்து சூடாகி நரம்பு அங்கேயே பலம் இழக்கும். நூல் முனையைக் கைத்தராசில் மாட்டி இழுத்துப் பாருங்கள்: மூன்று கிலோவில் ரீல் நூல் விட வேண்டும். பலர் ரீலின் பிரேக்கை முழுக்க இறுக்கிவிட்டு நூலைக் குறை சொல்கிறார்கள்.

பொழி, அதாவது கழி கடலில் சேரும் வாய், மணலால் அடைந்திருந்தால் ஏற்றவற்றம் உள்ளே எட்டாது. அன்றைக்கு ஓட்டத்தை நம்பி உட்கார வேண்டாம். திறந்திருந்தால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், வற்றம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரம், கழி குறுகும் இடத்தில் போடுங்கள். மடவைக் குஞ்சும் இறாலும் தண்ணீரோடு அந்த வழியாகத்தான் இறங்கும்.

புன்னைக்காயல் பக்கம் அலையாத்தி தழைத்த இடத்தில் கொடுவா கிடைக்கிறது. குஞ்சை விடுவது சரி, ஏழெட்டுக் கிலோ மீனையுமா விட வேண்டும்?
– வாசகர், ஆறுமுகநேரி

கட்டாயம் விடுங்கள். கொடுவா முதலில் ஆணாகத்தான் பருவமடையும். பெரிதான பிறகே பெண்ணாக மாறும். அந்த எடையில் உள்ளது அநேகமாகப் பெண், லட்சக்கணக்கில் முட்டையிடும் தாய்மீன். அதை எடுத்தால் இன்னொரு ஆண் அந்த அளவுக்கு வளர்ந்து பெண்ணாகப் பல வருடம் ஆகும். இப்போதுதான் தேறிவரும் கழிமுகம் அதைத் தாங்காது. குழம்புக்கு இரண்டு மூன்று கிலோ மீனே ருசி.

விடுவதென்றால் முள்ளிலிருந்தே தொடங்க வேண்டும். முனை உள்நோக்கி வளைந்த வட்டமுள், 4/0 அளவில் போடுங்கள். கடித்ததும் வெட்டி இழுக்காமல் நூல் தானாக இறுகும்வரை பொறுத்தால் வாயோரத்தில் மாட்டும். விழுங்கியிருந்தால் தோண்டாதீர்கள், வாயருகே நரம்பை வெட்டிவிடுங்கள். தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடக் கூடாது; ஈரக் கையால் வயிற்றையும் தாங்குங்கள். தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்து, தானாக வாலடிக்கும்வரை தண்ணீரிலேயே பிடித்திருங்கள். சேற்றிலிருந்து குத்திட்டு நிற்கும் மூச்சுவேர்களை மிதிக்காதீர்கள். மரத்தின் வேருக்குக் காற்று போவது அவற்றின் வழியாகத்தான்.

கடல் கெளுத்தி முள் குத்தினால்?
– வாசகர், பாளையங்கோட்டை

கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள், வலி இறங்கும். சூட்டை மற்றக் கையால் பாருங்கள், குத்துப்பட்ட கை மரத்திருக்கும். முள் ஒடிந்து உள்ளே நின்றால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.