முழங்கால் கார்டா, பிரேஸா?

வணக்கம் நண்பரே. தேவகோட்டைப் பக்கம் கண்மாய்க் கரையில் பைக் ஓட்டும்போது, செம்மண் சரளையில் ஊன்றிய கால் அங்கேயே நிற்க, வண்டி மட்டும் திரும்பி முழங்கால் முறுக்கிக்கொண்டதாக எழுதி, முட்டியை மூடும் கவசமான கார்டு போதுமா, மூட்டைப் பிடித்து நிறுத்தும் சட்டகமான பிரேஸ் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வீக்கம் இன்னும் வடியவில்லை என்கிறீர்கள். எதை வாங்குவதற்கு முன்பும் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கார்டு அடியைத் தாங்கும், முறுக்கைத் தடுக்காது. அதிலுள்ள இஎன் 1621-1 என்ற ஐரோப்பியத் தர முத்திரையும் இடி தாங்கும் திறனை மட்டுமே குறிக்கும். உங்களுக்குத் தேவை, மூட்டு அளவுக்கு மீறி நிமிர்வதையும் திருகுவதையும் மட்டுப்படுத்தும், இருபுறமும் கீல் வைத்த பிரேஸ்தான். ஆயினும் அது ஆபத்தைக் குறைக்குமே தவிர முற்றிலும் நீக்கிவிடாது.

விலையைவிடப் பொருத்தமே முக்கியம். தொடை, முட்டி, கெண்டைக்கால் ஆகியவற்றின் சுற்றளவை நிறுவனத்தின் அட்டவணை சொல்லும் இடத்தில் அளந்து, பூட்ஸையும் அணிந்துகொண்டே போட்டுப் பாருங்கள். என்னுடைய பழைய பிரேஸின் அடிப்பகுதி பூட்ஸின் விளிம்பில் இடித்து, எழுந்து நின்று ஓட்டும்போதெல்லாம் மேலே ஏறி, கீல் மூட்டுக்கு நேராக நிற்காமல் தோலை உரசிப் புண்ணாக்கியது. நம் பக்கத்து வெயிலில் வியர்வையால் பிரேஸ் வழுக்குமாதலால், உள்ளே மெல்லிய நீளக் காலுறை அணிந்து, பட்டைகளைப் பத்து நிமிட ஓட்டத்துக்குப் பின் மீண்டும் இறுக்குங்கள்.