ஓட்டை விழுந்த எலும்போடு படுத்தே கிடக்க வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் மேஸ்திரியாக இருந்தவர். முதுகுவலியில் தொடங்கி, சென்ற ஆண்டு அது மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் என்று தெரியவந்தது. இரண்டு முதுகெலும்புகள் அமுங்கியிருக்கின்றன. தொடை எலும்பிலும் மண்டையோட்டிலும் ஓட்டைகள் உள்ளன. எட்டு மாதச் சிகிச்சைக்குப் பிறகு நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்கிறார் மருத்துவர். ஆனால் புதிய ஸ்கேனிலும் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. எலும்பு முறிந்துவிடும் என்று பயந்து அம்மா அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. சேலத்தில் என்னோடு இருக்கும் அவர், மலைக்குப் போக வேண்டும் என்று தினமும் கேட்கிறார். அனுப்பலாமா? கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, அதைப் பிடுங்கிவிடலாமா?
— வாசகி, அம்மாபேட்டை, சேலம்.

பதில்: அன்புச் சகோதரி, நோய் அடங்கியது உண்மையானால் ஓட்டைகள் ஏன் அடையவில்லை என்ற சந்தேகம் உங்கள் வீட்டில் எல்லோர் மனத்திலும் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. நம் எலும்பு வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கம் அரிக்கப்பட்டு, மறுபக்கம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டே இருப்பது. பிளாஸ்மா செல்கள் என்பவை நோயெதிர்ப்புப் புரதம் சுரக்கும் வெள்ளணுக்கள். இந்த நோயில் மஜ்ஜையில் கட்டுப்பாடின்றிப் பெருகும் அவை, அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுவதோடு நிற்காமல், கட்டும் செல்களையும் முடக்கிவிடுகின்றன. மருந்து அந்தப் பிளாஸ்மா செல்களை அடக்கிய பிறகும், முடங்கிய செல்கள் எளிதில் வேலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே நோய் நன்றாக அடங்கியவர்களுக்கும் பழைய ஓட்டைகள் ஆண்டுக்கணக்கில் படத்தில் தெரிந்துகொண்டிருப்பது வழக்கம். புதிதாக ஓட்டை விழுந்திருக்கிறதா, பழையது பெரிதாகியிருக்கிறதா என்பதுதான் நீங்கள் ஸ்கேன் அறிக்கையில் கேட்டறிய வேண்டியது.

இப்போது உங்கள் அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் அன்பினால் வந்தது. ஆனால் அது அப்பாவுக்குத் தீங்கு செய்துகொண்டிருக்கிறது. உடலின் எடையைத் தாங்காத எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். கரைந்த கால்சியம் இரத்தத்தில் சேர்ந்தால் தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கும். தொடைச் சதை சில வாரங்களிலேயே வற்றிவிடும். பிறகு எழுந்து நிற்கும்போது விழுவதற்கு அதுவே காரணமாகும். மைலோமாவுக்குத் தரும் லெனலிடோமைட் மாத்திரை எடுப்பவராக இருந்தால், படுத்தே கிடப்பதால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடுகிறது.

ஆனால் நடக்க விடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தொடை எலும்பின் ஓட்டை எவ்வளவு பெரியது, எலும்பின் வெளிச்சுவரை எவ்வளவு அரித்திருக்கிறது என்பதை எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முறியும் நிலையில் இருந்தால், முறிவதற்கு முன்பே உள்ளே கம்பி வைத்துப் பலப்படுத்திவிடுவார்கள். முறிந்த பிறகு வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். அவர் சரி என்று சொல்லிவிட்டால் நாளைக் காலையிலிருந்தே வீட்டுக்குள் நடக்கத் தொடங்கலாம்.

முதுகெலும்பு அமுங்கியவருக்கு ஆபத்து நடையில் இல்லை. குனிவதிலும், இடுப்பைத் திருகுவதிலும், பாரம் தூக்குவதிலும்தான் இருக்கிறது. கட்டிலிலிருந்து எழும்போது மல்லாந்த நிலையிலிருந்து நேராக நிமிரக் கூடாது. முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வதுபோல் ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடியே கையை ஊன்றி எழ வேண்டும். கைகொடுப்பவர் அவருடைய அக்குளைப் பிடித்து இழுக்காமல், பக்கத்தில் நின்று தோளுக்கும் இடுப்புக்கும் தாங்கல் கொடுத்தால் போதும். கீழே விழுந்த செய்தித்தாளை அவர் குனிந்து எடுக்க வேண்டாம். தண்ணீர்க் குடத்தைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை செய்த ஒருவர், நாள் முழுவதும் குனிந்து உட்காருவதால்தான் முதுகு வலிக்கிறது என்று எண்ணி, பேரனைத் தன் முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வார். பிறகு எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு வழித்தார்கள். அன்றிரவு அவரால் புரண்டு படுக்க முடியவில்லை. மைலோமாவினால் மெலிந்திருந்த எலும்பு அமுங்கிவிட்டது. உங்கள் அப்பாவின் முதுகை நீவிவிடவோ சுளுக்கு வழிக்கவோ யார் முன்வந்தாலும், அவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், அனுமதிக்காதீர்கள்.

வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளும் வேண்டாம். மைலோமா செல்கள் வெளியிடும் புரதம் ஏற்கெனவே சிறுநீரகத்தைச் சிரமப்படுத்துகிறது. இந்த மாத்திரைகள் அதை ஒரேயடியாகச் செயலிழக்கச் செய்துவிடக்கூடும். பாராசிட்டமாலில் அடங்காத வலி என்றால் மருத்துவர் மார்ஃபின் வகை மருந்து தருவார். அதைப் பெயரைக் கேட்டே மறுத்துவிடாதீர்கள். ஓரிடத்தில் மட்டும் நிற்கும் எலும்பு வலிக்குச் சிறிதளவு கதிர்வீச்சு நல்ல பலன் தரும்.

பல்லைப் பொறுத்தவரை, அவசரமாகப் பிடுங்கவே கூடாது. எலும்புக்காக மாதம் ஒருமுறை சோலிட்ரானிக் அமிலம் அல்லது டெனோசுமாப் ஊசி போடுகிறார்களா என்று கேளுங்கள். இவை எலும்பை அரிக்கும் செல்களைக் கட்டுப்படுத்துபவை, முறிவுகளைக் குறைப்பவை. ஆனால் இவற்றைப் போட்டுக்கொள்பவருக்குப் பல் பிடுங்கினால், அந்தப் புண் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் நிலை ஏற்படலாம். அதற்காக ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக டெனோசுமாப் இடையில் நின்றால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து அமுங்கக்கூடும். ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று அவரும் இரத்த நோய் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

மலைக்கு அனுப்புங்கள் என்றுதான் நான் சொல்வேன். முப்பது ஆண்டுகள் மிளகுக் கொடிக்கும் காப்பிச் செடிக்கும் நடுவே நடந்தவருக்கு, அம்மாபேட்டை அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை! ஆனால் பேருந்து வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு உடல் ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமுமாகத் திருகுவது அமுங்கிய முதுகுக்கு ஆகாது. காரில் முன் இருக்கையில், இடுப்புக்குப் பின்னால் சிறு தலையணை வைத்து, மெதுவாகப் போகச் சொல்லுங்கள். வழக்கமான வலி மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள்.

அங்கே வீட்டு வாசற்படியில் மழைக்குப் பாசி படிந்திருக்கும். அதை முதலில் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். மைலோமாவுக்குத் தரும் போர்ட்டிசோமிப் ஊசி போட்டவர்களுக்குப் பாதம் மரத்துப்போவதுண்டு. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பார்கள். பின்பட்டை உள்ள செருப்பும், கழிப்பறை வரை இரவு விளக்கும் அவசியம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறைச் சிகிச்சையாளர் வருவதுண்டு. அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கால்கள் திடீரென்று பலமிழந்தாலோ, இடுப்புக்குக் கீழே மரத்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். சில மணி நேரத் தாமதம்கூட நடையை நிரந்தரமாகப் பறித்துவிடும். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்து மலையிறங்கிவிட வேண்டும். காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, மருத்துவரின் எண்ணோடு, உங்கள் அம்மாவின் கண்ணில் படும்படி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.