அசையாப் படத்துக்கு ஆழம் கொடுப்பது: கேள்வி பதில்

நாகர்கோவிலில் திருமண வீடியோக்களையும் திருவிழாக் காணொளிகளையும் எடிட் செய்வது என் தொழில். ஒரே புகைப்படத்தையோ ஓவியத்தையோ லேயர்களாக (தனித்தனி அடுக்குகளாக) வெட்டி, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் அசைய வைப்பது குறித்து மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

குளச்சலிலிருந்து: ஐயா, கரையில் கிடக்கும் வள்ளத்தைத் தனியாக வெட்டி எடுத்தேன். மென்பொருளின் கேமராவை நகர்த்தியதும் அதன் பின்னால் அதே வள்ளம் இன்னொன்று எட்டிப் பார்க்கிறது. எங்கே தவறினேன்?

வள்ளத்தைப் பிரதி எடுத்தீர்கள். பின்லேயரிலிருந்து அதை அகற்றவில்லை. வள்ளம் மறைத்திருந்த மணலையும் அலையையும் நாமே உருவாக்கித் தர வேண்டும். ஃபோட்டோஷாப்பில் வள்ளத்தின் செலக்‌ஷனைப் பத்துப் பிக்சல் அளவுக்கு வெளியே விரித்து, பின்லேயரில் சுற்றியுள்ளதைப் பார்த்து நிரப்பும் கன்டென்ட் அவேர் ஃபில் கொடுங்கள். அது விட்டுவைக்கும் அரைகுறைத் திட்டுகளை அருகிலுள்ள பகுதியைப் பிரதியெடுத்து ஒட்டும் க்ளோன் ஸ்டாம்ப் கொண்டு கையால் திருத்துங்கள். முழுப் பரப்பும் குறையின்றி அமைய வேண்டியதில்லை. வள்ளத்தின் விளிம்பை ஒட்டி, கேமரா நகரும்போது வெளிப்படும் பட்டை மட்டும் நம்பும்படி இருந்தால் போதும். ஒரு படத்துக்கு நான் நான்கு மணி நேரம் செலவிட்டால், அதில் மூன்று மணி நேரம் இந்த நிரப்பும் வேலைக்கே போகிறது. அசைவு சரியில்லை என்று வருகிறவர்களின் கோப்பைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கன்னியாகுமரியிலிருந்து: திருவள்ளுவர் சிலைப் படத்தை எத்தனை லேயர்களாக வெட்டலாம்? முன்னால் ஒரு தென்னையும் நிற்கிறது.

தென்னை, கரைப்பாறை, கடல், சிலை, வானம் என ஐந்து போதும். 38 அடிப் பீடத்தையும் அதன்மேல் நிற்கும் 95 அடிச் சிலையையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். அவற்றை வெவ்வேறு ஆழத்தில் வைத்தால், கேமரா பக்கவாட்டில் நகரும்போது வள்ளுவர் பீடத்தின்மேல் வழுக்குவார். ஒன்றையொன்று தொட்டு நிற்பவை ஒரே லேயரில் இருக்க வேண்டும். தென்னையோலையை, விளிம்பைக் கோடிட்டு வெட்டும் பென் டூலால் வெட்ட முயல்வது வீண் உழைப்பு. ஃபோட்டோஷாப்பின் சேனல்ஸ் பகுதியில், படத்தின் நீல நிறத்தை மட்டும் கறுப்பு வெள்ளையில் காட்டும் நீலச் சேனலைப் பாருங்கள்: வானம் வெளுத்தும் ஓலை கறுத்தும் இருக்கும். அந்தச் சேனலைப் பிரதி எடுத்து, லெவல்ஸ் மூலம் வெளுப்பையும் கறுப்பையும் இன்னும் விலக்கி, அதையே தலைகீழாக்கி மாஸ்காக, அதாவது வெளுத்த இடத்தை மட்டும் காட்டும் மறைப்பாகப் பயன்படுத்தினால், ஓலையின் ஒவ்வொரு கீற்றும் தனித்தனியே பிரிந்து வரும்.

தக்கலையிலிருந்து: ஃபோட்டோஷாப்பில் சேமித்த பிஎஸ்டி கோப்பு, ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் ஒரே படமாக வருகிறது.

இம்போர்ட் செய்யும்போது, கோப்பின் வகையில் கம்போசிஷன் – ரீட்டெய்ன் லேயர் சைஸஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அதே ஊரிலிருந்து: லேயர்களை ஆழத்தில் தள்ளினால் அவை சிறுத்து, சுற்றிலும் கறுப்பு தெரிகிறதே?

தள்ளிய அளவுக்கு ஏற்ப ஸ்கேலை (லேயரின் அளவை)க் கூட்ட வேண்டும். 1920 பிக்சல் அகலமுள்ள கம்போசிஷனில் (லேயர்கள் அமையும் சட்டகத்தில்) 50 மி.மீ. கேமரா போட்டால், அது லேயரிலிருந்து ஏறத்தாழ 2667 பிக்சல் தள்ளி நிற்கும். வானத்தை மேலும் 2667 பிக்சல் பின்னால் தள்ளினால் தூரம் இரு மடங்காகிறது. ஆகவே ஸ்கேல் 200 சதவீதம். அதில் பாதியளவு தள்ளினால் 150 சதவீதம். இப்படிச் செய்தபின் கேமரா வழியே பார்த்தால் படம் பழைய படமாகவே தெரியும். அசையும்போதுதான் ஆழம் வெளிப்படும். ஒவ்வொரு லேயருக்கும் த்ரீடி சுவிட்சைப் போட மறவாதீர்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: நான் செய்த திருமண ஆல்பம் வீடியோவைப் பார்த்தவர்கள் தலை சுற்றுகிறது என்கிறார்கள், அண்ணா.

அசைவு அதிகம், தம்பி. வினாடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில் ஐந்து வினாடி என்றால் 125 ஃபிரேம். அவ்வளவு நேரத்தில் கேமரா 150 பிக்சல் முன்னே போனால் போதும். மணமக்கள் முகத்தைப் பார்க்க வந்தவர்களுக்குக் கேமரா நகர்வது தனியாகத் தெரியக் கூடாது. எஃப்9 அழுத்தி எல்லாக் கீஃப்ரேமுக்கும் (அசைவின் தொடக்க, முடிவுப் புள்ளிகளுக்கும்), மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கச் செய்யும் ஈஸி ஈஸ் கொடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள்: ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா தயங்கி நிற்பதால், ஆல்பம் முழுவதும் விட்டுவிட்டு ஓடுவது போலாகிறது. ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்கு வெட்டுவதாக இருந்தால், சீரான வேகமே நல்லது.

பூதப்பாண்டியிலிருந்து: இந்த மென்பொருள்களுக்கு மாதச் சந்தா கட்ட வசதியில்லாத மாணவர் என்ன செய்வது?

வெட்டுவதற்கு கிம்ப் அல்லது கிரிட்டாவும், அசைவுக்கு பிளெண்டரும் போதும், மூன்றும் இலவசம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலுள்ள ஃபியூஷன் பகுதியும் இதற்குப் பொருந்தும். மென்பொருளின் பெயர் மாறினாலும், மேலே சொன்ன நிரப்பும் வேலை மாறாது.

தோவாளையிலிருந்து: பிச்சிப்பூ கட்டும் ஒரு பாட்டியை வரைந்திருக்கிறேன். கையை அசைத்தால் தோளிலிருந்து கழன்று போகிறது.

நம் மாவட்டத்தில் ஆடப்படும் தோல்பாவைக்கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள், மகளே. பாவையின் கை மூட்டில் கோத்த இடத்தை மையமாக வைத்தே திரும்புகிறது. இங்கே அந்த மூட்டுக்குப் பெயர் ஆங்கர் பாயிண்ட். முதலில் அது லேயரின் நடுவில் கிடப்பதால்தான் கை கழல்கிறது. ஒய் விசையை அழுத்தி, மேல்கையின் ஆங்கர் பாயிண்டைத் தோளுக்கும், முன்கையினுடையதை முழங்கைக்கும் நகர்த்துங்கள். பிறகு முன்கையை மேல்கைக்கும், மேல்கையை உடலுக்கும் பேரண்ட் செய்யுங்கள் (உடன் அசையும்படி இணையுங்கள்). வெட்டிய முனைகளை நேர்க்கோடாக விடாமல் வட்டமாக வரைந்து, ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு வைத்தால், மடக்கும்போது மூட்டில் இடைவெளி தெரியாது. மேல்கைக்கு நான்கு பாகை, முன்கைக்கு எட்டுப் பாகை கொடுத்து, முன்கையின் கீஃப்ரேம்களை மூன்று ஃபிரேம் தாமதமாக வையுங்கள். நூலை இழுத்து முடிச்சிடும் பாட்டியின் கையசைவு தோளிலிருந்து விரலுக்கு ஓடி வரும்.