ஐஸ்லாந்தின் வடக்கே பறவைகளும் காட்டுப்பூக்களும் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

ஒரே இடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் மீவாட்ன் ஏரி, மாதம் ஜூன். அருவி, எரிமலை வாய், வெந்நீர்க் குளம் என்று ஒரே பகலில் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் மட்டும் ஏறிவிடாதீர்கள். ஏரிக்கரையிலேயே தங்குங்கள்.

சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் பாய்ந்த எரிமலைக் குழம்பு மறித்து உருவான ஏரி அது. பரப்பு 37 சதுர கிலோமீட்டர் இருந்தாலும் ஆழம் சொற்பம். அதனால் அடிவரை வெயில் இறங்குகிறது, பாசி தழைக்கிறது, சிற்றீக்களின் புழுக்கள் கணக்கில்லாமல் பெருகுகின்றன. வாத்துகள் அங்கே கூடுவது இந்தச் சாப்பாட்டுக்காகத்தான். ஆகவே மூக்கிலும் காதிலும் புகுந்து உயிரை வாங்கும் ஈக்களைத் திட்டாமல், முகத்துக்கு ஒரு வலை வாங்கிக்கொள்ளுங்கள். ஏரிக்கரை ஈக்கள் கடிப்பதில்லை. ஏரியிலிருந்து பாயும் லாக்ஸா ஆற்றோரம் இருப்பவை கடிக்கும்.

கடித்தாலும் அந்த ஆற்றுக்குப் போகத்தான் வேண்டும். ஹார்லெக்வின் வாத்து அங்கேதான். ஆணுக்கு நீலச்சாம்பல் உடம்பு, விலாவில் செங்காவி, முகத்தில் சுண்ணாம்பைத் தீற்றியதுபோல வெள்ளைப் பட்டைகள். நாம் கால் வைக்கத் தயங்கும் வேகத்தில் ஓடும் நீரில் எதிர்த்து முங்கி, இரை தேடிவிட்டுச் சாவகாசமாகத் தலை தூக்கும். ஜூலையில் போனால் பெண்கள்தான் இருக்கும். முட்டையும் அடைகாப்பும் அவற்றின் பாடு என்று ஆண்கள் கடலுக்குக் கிளம்பியிருக்கும். செங்கழுத்து ஃபாலரோப் என்ற சிறு நீர்ப்பறவையில் கதை நேர்மாறு: அடைகாப்பது ஆண், பளிச்சென்ற நிறம் பெண்ணுக்கு.

பாரோ கோல்டன்ஐ வாத்தையும் விட்டுவிடாதீர்கள். ஐரோப்பாவில் அது குஞ்சு பொரிப்பது ஐஸ்லாந்தில் மட்டுமே. வட அமெரிக்காவில் மரப்பொந்தில் முட்டையிடும் பறவை, இங்கே எரிமலைப் பாறையின் இடுக்கில் குடியேறிவிட்டது.

பூக்களுக்குக் குனிய வேண்டும், சில சமயம் மண்டியிடவே வேண்டும். கரிய மணலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைத் திட்டு, அதில் நெருக்கிய இளஞ்சிவப்புப் பூக்கள் என்றால் அது மாஸ் கேம்பியன். காற்றுக்குத் தப்பவும் வெப்பத்தைத் தேக்கவும் அப்படி ஒடுங்கி வளர்கிறது. எட்டிதழ் வெள்ளைப் பூ டிரையாஸ், அந்நாட்டின் தேசிய மலர்.

படங்களில் மயக்கும் ஊதா லூபின் வயல்கள் அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. மண்ணரிப்பைத் தடுக்க 1945இல் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்தார்கள். இப்போது குட்டைச் செடிகளை மூடிக்கொண்டு பரவுகிறது. என் கணக்கில் அது காட்டுப்பூவே இல்லை.

கூடு கட்டும் காலத்தில் பாதையை விட்டு இறங்காதீர்கள். ஜூனில் இரவு பதினொன்றுக்கும் பைனாகுலருக்குப் போதுமான வெளிச்சம் இருக்கும். பஸ்கள் போன பிறகு கிளம்பினால் போதும்.