தடைக்காலத்தில் டிரேடிங் கைகொடுக்குமா? - வாசகர் கேள்வி பதில்

பாம்பன் வாசகர்: மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகு கரையில்தான். அந்த நாள்களில் பங்குச் சந்தையில் டிரேடிங் செய்து வீட்டுச் செலவைச் சமாளிக்கலாம் என்கிறார்கள். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. இறங்கலாமா?

தடைக்காலச் செலவுக்கு வைத்த பணம் என்றால் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40,000 ரூபாய்க்குக் காலையில் பங்கு வாங்கி அன்றே விற்கிறீர்கள். ஆர்டருக்கு 20 ரூபாய் கமிஷன் என்று வைத்தால் இரண்டுக்கும் 40. அதற்கு 18% ஜிஎஸ்டி 7.20. விற்கும்போது எஸ்டிடி எனும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.025%, அதாவது 10 ரூபாய். முத்திரைக் கட்டணம், எக்சேஞ்ச் கட்டணமும் சேர்ந்தால் 60 ரூபாயைத் தொடும். சுமார் 40 சந்தை நாளுக்கு 2,400. டீசல் காசு மாதிரிதான் இது: மீன் பட்டாலும் படாவிட்டாலும் போகும். 2022-23-ல் பங்குகளில் இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது) செய்த தனிநபர்களில் 10-க்கு 7 பேர் நஷ்டப்பட்டதாக, சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது.

கற்றுக்கொள்ள 2,000 ரூபாய் போதும். பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்குக்கு பான், மொபைல் எண் இணைத்த ஆதார், வங்கிக் கணக்கு வேண்டும். நாமினி பெயரை அப்போதே போட்டுவிடுங்கள். 'எஃப் அண்ட் ஓ' (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற ஆபத்து அதிகமான ஒப்பந்த வணிகம்) கட்டத்தில் டிக் போடாதீர்கள். ஆர்டர் போடும்போது, பங்கை உங்கள் கணக்கிலேயே வைத்துக்கொள்ளும் 'டெலிவரி' தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தவறி 'இன்ட்ராடே'யில் இருந்தால், சந்தை மூடும் 3.30-க்குச் சற்று முன்பு புரோக்கரே விற்றுவிடுவார். 'மார்க்கெட்' ஆர்டர் என்பது வந்த விலைக்கு வாங்குவது. 'லிமிட்' போட்டால் உங்கள் விலைக்கு மேல் போகாது. திங்களன்று வாங்கிய பங்கு செவ்வாயன்று டீமேட்டில் ஏறும்.

தொண்டி வாசகர்: வாட்ஸ்அப் குழுவில் சொன்னார்களே என்று 18 ரூபாய்க்கு ஒரு பங்கு வாங்கினேன். மூன்று நாளாக விற்க முடியவில்லை. ஆப் கோளாறா?

ஆப் சரிதான். அது 'லோயர் சர்க்யூட்', அதாவது ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கடைசி வரம்பு. 5% வரம்புள்ள பங்கு 18-லிருந்து 17.10, 16.25, 15.44 என்று தினம் ஒரு படி இறங்கி அங்கேயே நிற்கும். ஏலக்கூடத்தில் மீன் குவிந்து கிடக்கிறது, வியாபாரி ஒருவரும் வரவில்லை, அந்த நிலைமைதான். ஒரே விலையில் முதலில் வந்த ஆர்டருக்கே முன்னுரிமை. அதனால் சந்தை திறக்கும் 9.15 வரை காத்திராமல், முந்தைய இரவே 'ஆஃப்டர் மார்க்கெட்' ஆர்டராக, மறுநாளின் கீழ்வரம்பு விலையில் லிமிட் போட்டு வையுங்கள். வரிசையில் முன்னால் நின்றால் கொஞ்சமாவது விற்க வாய்ப்புண்டு. 'மலிவாகக் கிடைக்கிறது, இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்யுங்கள் (சராசரி விலையைக் குறையுங்கள்)' என்று அதே குழுவில் செய்தி வரும். ஒரு பங்குகூடச் சேர்க்காதீர்கள். விற்கத் துடிப்பவர்களுக்குத்தான் வாங்க ஆள் வேண்டும்.